செருப்பைக் கழற்ற வைத்த கட்டடங்கள்

ஆயா பஞ்சாலைக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவாள். கோயில், பள்ளிவாசல் என்றால் எல்லாரும் கழற்றுவார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. இவள் லண்டனில் ரயில் ஸ்டேஷன் வாசலில் கழற்றினவள். இடுப்பில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குழந்தை, தோளில் பால் புட்டிப் பை, முன்னால் துரைசாணி விறுவிறுவென்று நடந்துகொண்டிருக்கிறாள். இவள் மட்டும் இரும்பும் கண்ணாடியுமாக மேலே வளைந்து நின்ற அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பை ஓரமாக விட்டு, வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறாள். துரைசாணி திரும்பிப் பார்த்துச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, "போட்டுக்கொள் ஆயா, இங்கே கடவுள் இல்லை" என்றாளாம். "அவ்ளோ பெரிசா கட்டி வச்சிட்டு உள்ள ஒருத்தரும் இல்லன்னா எப்படி?" என்று பஞ்சாலை, ரப்பர் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பி வந்து கேட்டாள்.

இந்தக் கதையை லயத்தில் கேட்காதவர்கள் கிடையாது. தோட்டத்தில் யாராவது எதையாவது பார்த்து வாயைப் பிளந்தால், "செருப்பக் கழட்டு, செருப்பக் கழட்டு" என்று கிண்டல் பண்ணுவது வழக்கமாகிவிட்டிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி புது சைக்கிளில் வந்து இறங்கின அன்றைக்குக்கூட அப்படித்தான் சொன்னார்கள். அதெல்லாம் ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். அவன் வந்து ஒன்றரை வருஷத்துக்குள் லயத்தில் ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை, இடுப்பிலும் உருப்படியாகத் துணி இல்லை. பெண்கள் கோணிச் சாக்கைக் கிழித்துப் பாவாடை தைத்துக்கொண்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. பால்வாளி தூக்கிய கைகள் மண்வெட்டி தூக்கி, லாபு ஸ்டேஷனிலிருந்து உள்ளே வரும் செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் மரவள்ளி நட்டன. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, இருந்தால் சாயங்காலமும் அதுதான். பிள்ளைகளுக்கு வயிறு மட்டும் பெரிசாக இருந்தது.

பஞ்சாலை பிறவி ஆயா அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் புருஷனோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள்தான். மகன் திருநாவுக்கரசு கைக்குழந்தையாக இருக்கும்போது புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அந்த மாசமே பங்களாவில் துரைசாணிக்குப் பிள்ளை பிறந்தது. அழுத கண்ணோடு நின்றவளைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். தன் பிள்ளையை நாத்தனார் மயிலம்மாளிடம் விட்டுவிட்டுத்தான் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கப் போனாள். துரை லீவில் சீமைக்குப் போகும்போதெல்லாம் ஆயாவும் கப்பல் ஏற வேண்டும். இரண்டு தடவை கடல் தாண்டினாள். இன்னொரு தடவை, துரைசாணியின் தங்கை வீட்டைப் பார்க்க ரயிலிலேயே சியாமுக்குப் போய்வந்தாள்.

ஊர் சுற்றிப் பார்க்கிறவர்கள் கட்டடத்தை எப்படிப் பார்ப்பார்களோ தெரியாது. பஞ்சாலை பிள்ளை தூக்கினவளின் கண்ணால் பார்த்தாள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தத் தூண் ஓரமாக உட்கார்ந்தால் காவல்காரன் விரட்டமாட்டான், படி எவ்வளவு உயரம் என்பதுதான் முதலில் கண்ணில் படும். கட்டினவன் பிள்ளை தூக்கி நடந்தவனா இல்லையா என்று படியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். போர்ட் செயிதில் தண்ணீரை ஒட்டி நின்ற பச்சைக் கலசக் கட்டடத்துக்கு அவளிடம் நல்ல பேர் இருந்தது, சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம் விட்டு வெயிலை உள்ளே வரவிடாமல் கட்டியிருந்தான் என்பதற்காக. லண்டனில் பாதிக் கட்டடங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை எறப்புகூட இல்லாமல் நேராக மேலே போய்விட்டது என்பாள்.

இத்தாலியில் ரயில் மாறும் ஊரில் ஒரு வேதக் கோயில் இருந்தது. ஊர்ப் பேர் அவள் வாயில் நுழையாது. 'வெள்ளைக்கல்லுக் காடு' என்று அவளாக ஒரு பேர் வைத்துக்கொண்டாள். துரை எல்லாரையும் அதன் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போனார். படி சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது, இடுப்பு விட்டுப் போகிறது, இவள் மனசுக்குள் ஏசிக்கொண்டே ஏறுகிறாள். மேலே வந்ததும் ஏச்சு நின்றுவிட்டது. நம் தோட்டத்தில் மரம் நிற்கிற மாதிரி வரிசை வரிசையாகக் கல்லில் ஊசி ஊசியாக நிற்கிறது, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கல் சாமியார் நிற்கிறார். "அங்கதான் அந்தப் புள்ள துணிய நனச்சிட்டான். ஒரு சாமியாருக்குக் கீழ ஒக்காந்து மாத்தி விட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிப்பதற்கு முன் தானே சிரிப்பாள்.

எல்லாவற்றையும்விட அவள் மனசுக்குள் வைத்துக்கொண்டது சியாம் கோபுரம். பட்டணத்துக்கு எதிர்க்கரையில், ஆற்றோரமாக நிற்கிறது. படகிலிருந்து பார்க்கும்போது ரத்தினம் பதித்த மாதிரி மின்னியதாம். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் உடைந்த பீங்கான். தட்டு, கிண்ணம், மூடி, ஓரம் போன சாசர் எல்லாவற்றையும் வெட்டிப் பூவும் இலையுமாக ஒட்டிக் கோபுரத்தை முழுக்க மூடியிருந்தார்கள். பங்களாவில் ஒரு தட்டு உடைந்தால் என்ன பேச்சு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உடைந்த சாமானை வைத்து இப்படி ஒன்றைக் கட்டுவதற்கு ஒரு தேசத்தில் ஆள் இருந்தது என்பதை நினைத்து அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து கண் கலங்கினாள். அந்தப் பரபரப்பில் கழற்றிவிட்ட செருப்பை அங்கேயே மறந்துவிட்டாள். பாதி ஆறு தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. மறதிக்காரி என்று சிரிப்பார்கள் என்பதால் செருப்பு போன கதையை மட்டும் லயத்தில் சொல்லவில்லை.

இவ்வளவையும் அவள் லயத்துக்காகச் சொன்னாள் என்று நினைத்தால் தப்பு. மகனுக்காகச் சொன்னாள். மாசக்கணக்கில் தாயைப் பிரிந்து இருந்த பிள்ளை, லாபு ஸ்டேஷனில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். துரை பிள்ளைக்கு வாங்கின பொம்மையில் ஒன்றைக் கேட்டு வாங்கி வர அவளுக்கு வாய் வராது. எனவே கட்டடங்களைக் கொண்டுவந்தாள். மகன் அரசு அதையெல்லாம் கேட்டுக் கேட்டு, தானே பார்த்தவன் மாதிரி மற்றப் பிள்ளைகளிடம் அளந்துவிடுவான். அவனுக்கு அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்த சமயத்தில் அவள் லண்டனில் இருந்தாள். தகவல் போய்ச் சேர்வதற்குள் அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. "கடல் தாண்டி இருக்கா, பாவம், அவ என்ன பண்ணுவா" என்று மயிலம்மாள் அன்றைக்கு லயத்தில் எல்லார் வாயையும் அடைத்தாள். பஞ்சாலை அந்த ஒரு சொல்லை ஆயுசுக்கும் மறக்கவில்லை.

ஜப்பான்காரன் நெருங்கினபோது துரை குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடியது. துரைசாணி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரில் இடம் இல்லை. பஞ்சாலை லயத்துக்கு நடந்து வந்து, மயிலம்மாள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மகனோடு அடுப்பு மூட்டினாள். அவனோடு சேர்ந்தாற்போல் வாழ அவளுக்கு ஒரு யுத்தம் வரவேண்டியிருந்தது.

சியாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்ற பேச்சு அடுத்த வருஷம் வந்தது. மூணு மாசம் வேலை, வேளைக்கு அரிசிச் சோறு, போக வர ரயில் இலவசம். சிரம்பானிலிருந்து கங்காணி மாதிரி ஒரு மண்டோர் வந்து ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். நம்ம ஆள்தான். கறுப்புக் கண்ணாடி, முழுக்கால் சட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து. அந்தச் சப்பாத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மயங்கினார்கள்.

பஞ்சாலை மயங்கவில்லை. லாபு ஸ்டேஷன் ஓரமாகக் கடை வைத்திருந்த மதார் மைதீன் பாய் அவளுக்கு ஏற்கெனவே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். கடையில் விற்க மரவள்ளி மாவையும் உப்பையும் தவிர எதுவும் இல்லாததால் பாய் பூரா நாளும் போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், வெளிய விடாத. வடக்க போற ரயிலு நெறைய ஆளோட போவுது. நான் தெனமும் காலம்பற தொட்டு இங்கதான் குந்தியிருக்கேன். தெற்க வர்ற ரயில்ல ஒரு ஆளும் வந்து எறங்கல. மூணு மாசம்னான். எத்தன மூணு மாசம் ஆச்சு?"

வீட்டுக்கு வந்து பார்த்தால் அரசு பக்கத்து வீட்டு அமிர்தலிங்கத்தோடு சேர்ந்து சியாம் போகும் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தான். அமிர்தலிங்கம் அரசுவைவிட நாலைந்து வயசு மூத்தவன், பெண்டாட்டியும் சின்னப் பிள்ளையும் உள்ளவன், பசி தாங்காதவன். அவனுக்குச் சோறுதான் காரணம். அரசுவுக்குச் சோறு மட்டும் காரணம் இல்லை என்பது அவன் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் கிழங்குக் கொல்லையில் வைத்து மகனிடம் உள்ளதைச் சொன்னாள்.

"டேய், நான் அந்த ரயில்ல போனவ. பட்டணம் வேற, இவன் பாத போடற எடம் வேற. பட்டணத்துக்கு முன்னாலயே எறக்கி காட்டுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போயிருவான். கோபுரம் இருக்கற பக்கமே உன்ன விடமாட்டான்டா."

"மூணு மாசம் முடிஞ்சி திரும்பறப்ப பாத்துட்டு வரேன். ஆறு தாண்டுனா கோபுரம். நீதான சொன்னே."

"போன ஆளு யாரும் திரும்பல."

"யாரு சொன்னா?"

பாய் பேரைச் சொல்ல முடியாது. அரசு மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நீ எல்லாம் பாத்துட்டே. துரை புள்ளையும் உன் இடுப்புல ஒக்காந்துகிட்டு எல்லாத்தயும் பாத்துட்டான். நான் மட்டும் இந்த லயத்துலயே கெடந்து கத கேட்டுக்கிட்டு கெடக்கணும். அதானம்மா?"

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் இரண்டு ஏச்சு ஏசியிருப்பாள். கிழங்கை உடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னான். பஞ்சாலை இவ்வளவு வருஷமாகப் பிள்ளைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அவனை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக வந்து நின்றது.

ஆள் எடுக்கிற நாளில் மண்டோர், காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்தான். நல்ல வெயில். பக்கத்தில் ஒரு மூட்டை அரிசியை வாயைப் பிரித்து வைத்திருந்தான், எல்லாரும் பார்க்கட்டும் என்று. போகிறவன் வீட்டுக்கு உடனே அரிசி. பெண்கள் அந்த மூட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அமிர்தலிங்கம் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்துவிட்டு நின்றான். அரசு வரிசையில் இருந்தான்.

மண்டோர் கெட்டிக்காரன். போகிற இடமெல்லாம் அந்த இடத்துக் கதையைக் கேட்டு வைத்துக்கொண்டு பேசுகிறவன்.

"சியாம்னா காடுன்னு நெனைக்காதீங்கலா. பட்டணம் எப்படி இருக்கும்னு உங்க ஆயாம்மாவே சொல்லியிருப்பாங்களே. பீங்கான் கோபுரம். தட்டு, கிண்ணம், சாசர், அத்தனையும் பூ மாதிரி ஒட்டி வச்சிருக்கான். நானே பாத்தேன், ஆயாம்மா சொன்ன மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கெழம லீவுல எல்லாரையும் கூட்டிட்டுப் போயி காட்டுவான். என்னாம்மா, நான் சொல்றது சரிதான?"

களம் பூராவும் திரும்பிப் பஞ்சாலையைப் பார்த்தது. அரசுவும் பார்த்தான்.

அவள் நின்ற இடத்தில் நிழல் இல்லை. கோபுரம் உண்டு என்று சொன்னால் மகன் போய்விடுவான். உண்டு, ஆனால் உன்னை அங்கே விடமாட்டான் என்பதை நேற்றே சொல்லிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே வழி. அதை அவள் யோசித்துக்கூட எடுக்கவில்லை. இடறி விழப்போகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்.

"மண்டோரே, கோபுரத்த கண்ணால பாத்தீங்களா?"

"பாக்காமலா சொல்றேன்?"

"நான் பாத்ததில்லயே" என்றாள் பஞ்சாலை.

யாருக்கும் புரியவில்லை. அவள் குரலை உயர்த்திச் சொன்னாள்.

"நான் சியாமுக்குப் போனதே இல்ல. கப்பல்லயும் ஏறுனதில்ல. துரை மட்டும்தான் சீமைக்குப் போவாரு. சி ரூசாவுல துரைக்குக் கடக்கர பங்களா இருந்திச்சில்ல, துரைசாணியும் புள்ளையும் நானும் அங்கதான் கெடப்போம். அந்தம்மா படப் பொஸ்தகம் வச்சிருந்தாங்க. அதப் பாத்துட்டு வந்து இங்க அளந்து விட்டேன். இந்தத் தட்டுக் கோபுரம் பொஸ்தகத்துலயும் இல்ல. ஒரு நாளு தட்ட ஒடச்சிட்டு துரைசாணிகிட்ட ஏச்சு வாங்குனேன். அன்னிக்கு அடுப்படியில ஒக்காந்து நானா மனசுல கட்டுனது. என் மனசுல கட்டுனத இவரு எப்படிங்க கண்ணால பாத்தாரு?"

பின்வரிசையில் எவனோ, "மண்டோரே, செருப்பக் கழட்டு" என்றான். களம் சிரித்தது. பசியில் வற்றிப்போன சிரிப்பு, இருமல் மாதிரி வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. பாதிச் சிரிப்பு மண்டோரைப் பார்த்து, மீதி பஞ்சாலையைப் பார்த்து. பெருமையாக இருந்த ஒருத்தி தடாலென்று விழுந்தால் வெறும் வயிற்றுக்கும் அது கொஞ்சம் ருசிக்கத்தான் செய்கிறது. மண்டோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பைத்தியக்காரி" என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. ஒரு கோபுரத்தில் பொய் சொன்னவன் அரிசியில் என்ன சொல்லுவான் என்று கணக்குப் போட்டு, வரிசையிலிருந்து ஒவ்வொருத்தனாகக் கழன்றுகொண்டார்கள். ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். அமிர்தலிங்கம் அரிசியை வீட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு லாரியில் ஏறினான்.

அரசு வரிசையைவிட்டு வெளியே வந்து, தாயைத் திரும்பிப் பார்க்காமல் கொல்லைப் பக்கம் போனான்.

பஞ்சாலை மகனைக் காப்பாற்றிவிட்டாள், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவள் சொன்ன பொய்க்கு இன்னொரு முனை இருந்தது. அதை மயிலம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். சாக்குப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வந்து நின்றாள்.

"ஏய் பஞ்சால. புள்ளைக்கு அம்ம போட்டு கண்ணு தொறக்காம கெடந்தானே. ராவும் பகலும் வேப்பலையோட நான் ஒக்காந்திருந்தேனே. அப்ப நீ சி ரூசாவுலயா இருந்தே?"

சி ரூசா எட்டாத ஊரா என்ன? போர்ட் டிக்சன் ரோட்டில் பஸ் ஏறினால் அன்றைக்கே வந்து சேரலாம். பஞ்சாலை நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒருத்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. மயிலம்மாளிடம் சொன்னால் அது மத்தியானத்துக்குள் லயம் பூராவும் போய்விடும், அரசு காதுக்கும் போய்விடும். மண்டோர் மறுபடி வருவான்.

"ஆமா அண்ணி."

மயிலம்மாள் அடிக்கவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவளோடு பேசவே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சின்னப் பிள்ளையைத்தான் அனுப்பினாள்.

அதன் பிறகு பஞ்சாலை எந்த ஊரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. "சி ரூசா ஆயா" என்று பேர் வைத்துவிட்டார்கள். கிழங்கு தோண்டினாள், சீவினாள், காயப்போட்டாள். காய்ச்சல் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. ஒரு தடவை ஜப்பான் பட்டாளமே லாரியோடு வந்து கேட்காமல் கொள்ளாமல் ஆள் பிடித்தது. வாலிபப் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் சதுப்புக் காட்டுக்குள் ஓடிவிடப் பழகியிருந்தார்கள். அரசுவும் ஓடித் தப்பித்தான். அவன் தாயோடு பேசுவான், வேலை செய்வான், கஞ்சி காய்ச்சினால் அவளுக்கு முதலில் ஊற்றுவான். சியாம் பேச்சை மட்டும் எடுக்கமாட்டான். கிட்டத்தில் இருந்துகொண்டே வந்து பார்க்காத தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் தினமும் நினைத்தாள். நினைத்து நினைத்து அதுவும் கிழங்கு தோண்டுகிற மாதிரி ஒரு வேலையாகிப் போயிற்று. சில நாள் வேலை மத்தியில் அந்தக் கோபுரத்தை மனசுக்குள் கொண்டுவரப் பார்ப்பாள். பாதி வரும். தட்டுப் பூவின் நடுவில் என்ன நிறம் இருந்தது என்று சந்தேகம் வந்துவிடும். தான் சொன்ன பொய்தான் நிஜமோ என்றுகூட ஒரு நாள் பயந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்று மதார் மைதீன் பாய் சொல்லியனுப்பினார். சில மாசம் கழித்து, தெற்கே வந்த ரயிலிலிருந்து ஒருவழியாக ஒரு ஆள் இறங்கினான். அமிர்தலிங்கம். லாரியில் ஏறின அத்தனை பேரில் திரும்பினது அவன் ஒருத்தன்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவன் பெண்டாட்டி போன வருஷமே காய்ச்சலில் போய்விட்டிருந்தாள். பிள்ளையை மயிலம்மாள் வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்பனை அடையாளம் தெரியவில்லை.

லயத்து வாசலில் சாக்கை விரித்து அவனை உட்கார வைத்தார்கள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவனாகப் பஞ்சாலையைத் தேடிக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் நெசம். கோபுரம் கீபுரம் ஒண்ணும் இல்ல. மூங்கக் காடு, மழ, சேறு, அவ்ளோதான். காலு அழுகிக் கெடந்தப்ப பக்கத்துல சியாம்காரன் ஒருத்தன் இருந்தான். தட்டு ஒட்டுன கோபுரம் எங்க இருக்குன்னு கையக் கால ஆட்டிக் கேட்டேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, சிரிச்சான். அன்னிக்கு களத்துல வச்சி அத்தன பேரு முன்னால சொன்னீங்க. நான்தான் அரிசியப் பாத்துட்டு கேக்காமப் போயிட்டேன்."

யுத்தம் முடிந்துவிட்டது, மண்டோர் எங்கே ஓடினானோ தெரியவில்லை, இனிமேல் உள்ளதைச் சொன்னால் யாரும் சாகப்போவதில்லை. இருக்கிறது அமிர்தலிங்கம், நீ கிடந்த இடத்திலிருந்து ஒரு நாள் தூரத்தில் அது நிற்கிறது என்று சொல்லலாம். பஞ்சாலை அவன் காலைப் பார்த்தாள். காலை வாங்கிக்கொண்ட தேசத்தில் கோபுரமும் இருந்தது என்று தெரிந்து அவனுக்கு என்ன ஆகப்போகிறது?

"ஆமாம்பா. ஒண்ணும் இல்ல" என்றாள்.

அங்கே நிற்க முடியாமல் கொல்லைப் பக்கம் நடந்தாள். அரசு பின்னாலேயே வந்தான். வந்து, அவள் பிடுங்க ஆரம்பித்த செடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா. சியாம்லேந்து வந்து லாபுல எறங்குனியே, அன்னிக்கு உன் காலுல செருப்பு இல்ல."

அவள் கை நின்றுவிட்டது.

"அத்த மூட்டையத் தூக்கிக்கிட்டு முன்னால போயிருச்சி. செருப்பு எங்கம்மான்னு நான் கேட்டேன். கோபுரத்துக்கிட்ட மறந்துட்டேன், யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னே. நான் சொல்லல."

"அப்ப," என்றாள். "அப்ப களத்துல வச்சே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா போகல?"

அரசு செடியை அசைத்து அசைத்து மண்ணைத் தளர்த்தினான்.

"சி ரூசாவுல கெடந்தேன்னு சொன்னியே, எனக்கு அம்ம போட்டப்ப பக்கத்துலயே இருந்துகிட்டு வரலன்னு உன்னயே நீ சொல்லிக்கிட்ட மாதிரிதான. எந்தத் தாயி வாயில அப்படி வரும்? அப்படிச் சொல்லித்தான் என்னய நிறுத்தணும்னா அங்க என்ன இருக்கும்னு எனக்குப் புரிஞ்சிபோச்சி. அதுக்கு மேல நான் ஏறியிருந்தா நான் என்னா மனுசன்?"

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியேடா."

"சொன்னா நீ அத்தைகிட்ட சொல்லிருவே. அத்த பேசாம இருக்கறத உன்னால தாங்கமுடியாது. அத்த லயம் பூரா சொல்லாம இருக்குமா, மண்டோரு மறுபடி வந்துருவான். லாரி வர்றது நின்னாத்தான் பேசணும்னு வச்சிருந்தேன். அப்பறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

பஞ்சாலை வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. சந்தோஷத்துக்கும் அழுதாள், வீணாக நினைத்து நினைத்துத் தேய்ந்த நாளுக்கும் அழுதாள், மகன் இவ்வளவு பெரியவனாகிவிட்டதைக் கவனிக்காமல் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்ததற்கும் அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பூவு இருக்கில்ல, அதுல நடுவுல என்ன வச்சிருப்பான்? நீ சொன்னது எனக்குப் பாதி மறந்துபோச்சி."

"கிண்ணத்தோட அடி," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. சொன்ன பிறகுதான் அது தனக்கு ஞாபகம் இருப்பது தெரிந்தது. "வட்டமா இருக்குமில்ல, அத நடுவுல வச்சிட்டு, சுத்தி தட்ட எதழு எதழா வெட்டி..."

மேலே சொல்லாமல் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். லயத்து வாசலில், சாக்கின்மேல், அமிர்தலிங்கம் சுவரில் சாய்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்ட வாடா," என்று மகனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாத்தான் சொல்லணும். அவனுக்குக் கேக்கக்கூடாது."